மித்தியின் அடிச்சேறும் மீனின் இரத்தமும்

சயானிலிருந்து பாந்த்ராவுக்குப் போகும் பேருந்து தாராவியைத் தாண்டும்போது ஜன்னலை மூடாத பயணி கிடையாது. மித்தி ஆறு மாகிம் காடியில், அதாவது மாகிம் கடற்கழியில், கலக்கும் இடம் அது. அழுகிய முட்டை நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோன பிறகு, கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிரிகள் வெளியே விடும் வாயு. மேலே போகிற மனிதருக்கு அது அரை நிமிடத் தொந்தரவு. கீழே, சேற்றோடு சேறாகக் கிடக்கும் மீனுக்கு அது வீடு. இன்றைய பேச்சு அந்த மீனைப் பற்றியது. இன்னும் குறிப்பாக, அந்த மீனின் இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களைப் பற்றியது.

மித்தி என்று மும்பையில் பேச்செடுத்தால் அது உடனே 2005 ஜூலை 26-க்குப் போய்விடும். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவும் கலினாவும் தாராவியும் முழுகின. அதுவரை 'நாலா', அதாவது சாக்கடை, என்றே நினைத்திருந்த பலருக்கு அது ஓர் ஆறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் பிறந்து, சாக்கிநாக்கா, விமான ஓடுபாதையின் அடிவயிறு, குர்லா, பாந்த்ரா-குர்லா வளாகம் என்று சுமார் 18 கிலோமீட்டர் ஓடிக் கடலைத் தொடும் ஆறு. வெள்ளத்துக்குப் பின் மித்திக்கென்றே ஓர் ஆணையம் வந்தது. அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், கரைச்சுவர் எழுப்பினார்கள். மழைநீர் வடியும் வாய்க்காலாக ஆற்றைப் பார்த்தால் இவை சரியான வேலைகள்தாம். அதில் உயிர்கள் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தால் கேள்விகள் வேறாகின்றன.

அதற்குமுன் ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம். மித்தியின் அழுக்குக்கெல்லாம் தாராவியே காரணம் என்று சொல்லும் பழக்கம் இந்த நகரத்துக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிட்டது உண்மை. அந்தத் தொழில் தண்ணீரைக் கெடுத்ததும் உண்மை. ஆனால் தோல் தொட்டிகளில் பெரும்பாலானவை ஊரைவிட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஆறு தாராவிக்கு வந்து சேரும்போதே மேலிருக்கும் குடியிருப்புகளின் சாக்கடை, தபேலா என்ற மாட்டுத்தொழுவங்களின் சாணி, இரசாயனப் பீப்பாய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்துதான் வருகிறது. வாலில் இருப்பவர் தலையில் எல்லாப் பழியும் விழுகிறது. மாட்டுங்காவில் சமையலறைப் பக்கம் மீனையே அண்டவிடாத வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளின் குளியலறைத் தண்ணீரும் ஏதோ ஒரு வழியாகக் கடலோரத்துக்குத்தான் போகிறது. இந்த விவகாரத்தில் சைவர், அசைவர் என்ற பேதம் இல்லை.

தாராவியில் குடிசைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஒரு மீனவர் ஊர் இருந்தது. தாராவி கோலிவாடா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. கோலி மக்கள் வலை போட்ட காடியில் மடவையும் கெளுத்தியும் உண்டு. சேற்றில் புரண்டு கிடக்கும் நாக்குமீன், உளுவை, வற்றுக்காலத்தில் சேற்றின் மேல் துள்ளித் திரியும் நிவ்டி எல்லாம் இந்தக் கரையின் மீன்கள். இவற்றில் அடியில் வாழும் இனங்களைத் தனியே பிரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஹார்மோன்களைக் குலைக்கும் வேதிப்பொருள்களில் பல தண்ணீரில் கரைய மறுப்பவை. பழைய மின்மாற்றி எண்ணெயிலிருந்த பிசிபி, டிடிடி, சலவைப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால் எல்லாம் கொழுப்பையும் கரிமத் துகளையும் தேடிப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அவை சிதைவதும் மெதுவாகிவிடுகிறது. மேலே ஓடும் நீர் வேலியேற்றத்தில் வந்து வற்றத்தில் போய்விடும், சேறு போவதில்லை. அந்தச் சேற்றில் வாழும் புழுவை உளுவை தின்கிறது, அதே சேற்றில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது.

ஹார்மோன் வேலை செய்யும் அளவு மிகமிகச் சிறிது. பெண்மீனின் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் உடனே விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. அதுதான் முட்டையின் மஞ்சள்கருவாக மாறப்போகும் சரக்கு. ஆண்மீனின் கல்லீரலிலும் இதே புரதத்தைச் செய்வதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் ஆயுள் முழுக்கத் தூங்கிக்கிடக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனோ அதைப்போல நடிக்கும் பொருளோ உள்ளே வந்தால் விழித்துக்கொள்ளும். ஆகவே ஓர் ஆண்மீனின் இரத்தத்தில் முட்டைப் புரதம் இருந்தால், அது நீந்திய தண்ணீரைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்த கதை இங்கிலாந்தில் நடந்தது. 1970களின் இறுதியில் அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வாசலில் பிடிபட்ட ரோச் என்ற மீன்களில் சில ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமல் இருந்தன. ரோச் நம்மூர்க் கெண்டைக்கு உறவு. பின்னர் ஆய்வாளர்கள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் போட்டுச் சுத்திகரித்த கழிவுநீர் விழும் இடங்களில் இறக்கிவைத்தார்கள். சில வாரங்களிலேயே அவற்றின் இரத்தத்தில் முட்டைப் புரதம் பலநூறு மடங்கு ஏறியது. 1998-ல் சூசன் ஜோப்ளிங்கும் ஜான் சம்ப்டரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சில ஆறுகளில் பிடித்த ஆண் ரோச் மீன்கள் அத்தனையிலும் விரையோடு சினைத்திசுவும் கலந்திருந்தது.

குற்றவாளி யார்? எல்லோரும் தொழிற்சாலைகளைத்தான் சந்தேகித்தார்கள். வடித்துப் பிரித்துப் பார்த்தால் வந்தது வேறு: மனித உடலில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ரடயால், எஸ்ட்ரோன், கூடவே கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடயால். பெண்களின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் செயலிழந்த வடிவில்தான் வெளியேறுகிறது. சாக்கடையில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதன் கட்டை அவிழ்த்து மறுபடி உயிர்கொடுத்துவிடுகின்றன. மாத்திரை யாரும் விழுங்காத ஊராக இருந்தாலும், சாக்கடை திறந்து ஓடினால் ஈஸ்ட்ரோஜன் ஓடும். மித்திக் கரையின் தபேலாக்களில் நிற்கும் சினை எருமைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

தொழிற்சாலை முற்றிலும் குற்றமற்றது என்றும் ஆகவில்லை. யார்க்ஷயரின் ஏர் ஆற்றங்கரையில் கம்பளி அலசும் ஆலைகள் இருந்தன. அவை பயன்படுத்திய சலவைப் பொருள் சிதைந்து நோனைல்ஃபீனாலானது. அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடிக்கும். ஆலைகள் அந்தச் சலவைப் பொருளைக் குறைத்தன. ஆற்றில் நோனைல்ஃபீனால் இறங்கியது, மீன்களின் இரத்தத்தில் முட்டைப் புரதமும் இறங்கியது. தோலின் கொழுப்பைக் கழுவவும், துணியை அலசவும் உலகெங்கும் பயன்படும் குடும்பம்தான் இந்தச் சலவைப் பொருள். ஐரோப்பா 2003-ல் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது. ஜீன்ஸ் சலவைக்கூடங்களும் தோல்பொருள் பட்டறைகளும் உள்ள நகரத்துக்கு ஏர் ஆற்றின் கதை நெருங்கியது. பெரிய முதலீடு ஏதும் இல்லாமல், ஒரு சரக்கை மாற்றியதாலேயே பலன் கிடைத்த உதாரணம் அது.

ரோச் நன்னீர் மீன். கழிமுகத்தில் என்ன நிலை? இங்கிலாந்தின் மெர்சி, டைன் கழிமுகங்களின் அடியில் கிடக்கும் ஃப்ளவுண்டர் என்ற தட்டைமீனை எடுத்துப் பார்த்தார்கள். நம் நாக்குமீனைப் போல ஒரு பக்கமாகப் படுத்துக் கிடப்பது அதன் சுபாவம். ஆண் ஃப்ளவுண்டர்களின் இரத்தத்திலும் முட்டைப் புரதம் இருந்தது. மெர்சியில் சிலவற்றின் விரையில் சினைமுட்டைகளே இருந்தன. கடல்நீர் கலந்து நீர்த்துவிடும், பயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல பதில்.

சரி, ஆண்மீனின் இரத்தத்தில் கொஞ்சம் முட்டைப் புரதம் இருந்துவிட்டுப் போகட்டுமே, மீன்கூட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. அவற்றில் 260-ஆம் எண் ஏரியில் கேரன் கிட் என்பவரும் சகாக்களும் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் எத்தினைல் எஸ்ட்ரடயாலைக் கலந்தார்கள். அடர்த்தி லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். மாலா-என் கருத்தடை மாத்திரை ஒன்றில் இருக்கும் 30 மைக்ரோகிராமை 6,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கரைத்தால் கிடைக்கும் அடர்த்தி அது. ஆண்மீன்கள் முட்டைப் புரதம் செய்தன, விரை வளர்ச்சி குன்றியது, சிறு கெண்டை வகையான ஃபேட்ஹெட் மின்னோ அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. ஹார்மோனை நிறுத்திய சில ஆண்டுகளில் அவை மறுபடி பெருகின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லையென்றால் கதை பாதிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈஸ்ட்ரோஜன் கூடிப்போன கதை. செம்பூர் பக்கம் வந்தால் கதை தலைகீழாகிறது. அங்கே மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, எதிரே டிராம்பே, அதைத் தாண்டித் தானே காடி. அந்தக் காடிக்கு வரும் பூநாரைகளைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது; 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் அது ஏறியது. பூநாரை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பொருளல்ல. சாக்கடைச் சத்தில் தழைக்கும் பாசி அதற்கு நல்ல விருந்து. 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்எஸ்சி சித்ரா என்ற கப்பல் கலீஜியா என்ற இன்னொரு கப்பலோடு மோதி எண்ணெய் கசிந்தபோது, மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். மீன்காரிகளின் வியாபார நஷ்டம் சில வாரத்தில் சரியாகியிருக்கும். அடியில் படிந்த எண்ணெயின் கணக்கு அவ்வளவு சீக்கிரம் தீராது.

எண்ணெயிலும் தாரிலும் உள்ள பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் என்ன செய்யும் என்று அமெரிக்காவின் வடமேற்கில், பியூஜெட் சவுண்டில் பார்த்திருக்கிறார்கள். அங்கே அடியில் வாழும் இங்கிலீஷ் சோல் என்ற தட்டைமீனை 1980களில் லின்டல் ஜான்சன் குழு ஆராய்ந்தது. மரத்துக்குக் கிரியோசோட் ஏற்றும் ஆலையின் கழிவு படிந்த ஈகிள் துறைமுகத்திலும், டுவாமிஷ் ஆற்று வாயிலும் பிடித்த பெண்மீன்களின் இரத்தத்தில் எஸ்ட்ரடயால் குறைந்திருந்தது. பருவம் வந்தும் பல மீன்களின் சினை முதிரவே இல்லை. ஆக ஒரே கழிமுகத்தில் சாக்கடை ஒரு பக்கம் இழுக்க, எண்ணெய் மறுபக்கம் இழுக்கலாம். தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு இந்த இழுபறியில் யார் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. மீனைத்தான் கேட்கவேண்டும்.

இனவிருத்தி ஹார்மோன்களோடு விஷயம் நிற்பதுமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியில் திரியும் ஸ்டாக்ஹார்ன் ஸ்கல்பின் என்ற மீனுக்கு, மாசுபட்ட இடங்களில் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் குறைந்திருந்தது. பிசிபியோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவில் சில தட்டைமீன்களைப் பிடித்துப் பதற்றப்படுத்தினால்கூடக் கார்டிசால் ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. ஆபத்து வந்தால் உடம்பை உசுப்புவது கார்டிசால். அது வரவில்லை என்றால் மீன் நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இனி ஜன்னலை மூடவைத்த அந்த நாற்றத்துக்கு வரலாம். இந்த உரையின் மையமே அதுதான். ஹார்மோன் கெடுவதற்கு அயல்நாட்டுப் பெயருள்ள இரசாயனம் எதுவும் தேவையில்லை. ஆக்சிஜன் குறைந்தாலே போதும். ஹாங்காங்கில் ருடால்ஃப் வூ குழுவினர் கெண்டை மீன்களை ஆக்சிஜன் குறைந்த தொட்டிகளில் வளர்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். எஸ்ட்ரடயாலும் டெஸ்டோஸ்டிரோனும் மாறின, சினையும் விந்தும் முதிர்வது தடைப்பட்டது, குஞ்சுகள் பிழைப்பதும் குறைந்தது. தொட்டியில் நடந்தது கடலில் நடக்குமா என்றால், அதற்கும் பதில் வந்துவிட்டது. ஃபுளோரிடாவின் பென்சகோலா விரிகுடாக் கழிமுகங்களில் பீட்டர் தாமஸ் குழு அட்லாண்டிக் குரோக்கரைப் பிடித்துப் பார்த்தது. நம்மூர்க் கத்தாளைக்குச் சொந்தக்கார மீன். அதுவும் அடியில் மேய்வது. கோடையில் ஆக்சிஜன் குறையும் பகுதிகளிலிருந்து வந்த மீன்களின் மூளையில் இனவிருத்தியை முடுக்கிவிடும் சமிக்ஞைகளே மங்கியிருந்தன. கீழே சினைப்பையும் விரையும் சிறுத்திருந்தன. மெக்சிகோ வளைகுடாவின் ஆக்சிஜன் வறண்ட பகுதியில் இன்னும் மோசம்: சில பெண்மீன்களின் சினைப்பையில் ஆண்தன்மை கொண்ட திசு வளர்ந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதி அந்த மீன்களில் குறைந்திருந்தது.

இந்தியாவில் இந்தத் திசையில் வேலையே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாகிம் காடி, விரிகுடா நீரைக் கழிவு என்ன செய்கிறது என்று தேசிய கடலியல் நிறுவனத்தின் எம்.டி. சிங்டேயும் பி.என். தேசாயும் 1980-லேயே எழுதிவைத்தார்கள். டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இந்தியக் கடல்சூழலில் டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தை அளந்தார்கள். கோவாவின் மார்மகோவா துறைமுகத்தில், கப்பலின் அடிப்பூச்சிலிருந்த டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தின் அடையாளமாக, பெண் சங்குகளில் ஆணுறுப்பு முளைத்திருப்பது 1999-ல் பதிவானது. அந்தப் பூச்சுக்கு உலகளாவிய தடை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கும் டிரைக்ளோசான் போன்றவற்றையும், பிறகு பிஸ்ஃபீனால்-ஏ, நோனைல்ஃபீனால் வகைகளையும் தேடிக் கண்டார்கள். தாராவியின் தமிழர்களில் பலருக்குத் தாமிரபரணி பூர்வீக ஆறு. ஊரை விட்டு வந்தவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் இந்தச் சங்கதியில் வித்தியாசமில்லை.

மீனின் ஹார்மோனையே அளந்த வேலையும் உண்டு. ஜான்பூரில் பி.பி. சிங், வந்தனா சிங் இருவரும் கோமதி, கங்கை ஆறுகளின் கெளுத்தி, கெண்டை வகைகளை இனப்பெருக்கப் பருவத்தில் பிடித்து, குஜர்தால் என்ற சுத்தமான குளத்து மீன்களோடு ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். ஆற்று மீன்களின் உடலில் பூச்சிக்கொல்லி கூடுதல், இரத்தத்தில் இன ஹார்மோன்கள் குறைவு. சேற்றைக் கிளறி மேயும் கெளுத்தியை அவர்கள் சேர்த்துக்கொண்டது கவனிக்க வேண்டிய தேர்வு.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இந்த மீனைச் சாப்பிட்டால் நமக்கும் ஹார்மோன் கெடுமா? ஆண்மீனின் முட்டைப் புரதம் மற்ற புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துவிடும். அஞ்சவேண்டியது மீனின் கொழுப்பில் சேரும் பிசிபி, டிடிடி, தசையில் சேரும் பாதரசம் ஆகியவற்றுக்கு. மும்பைச் சந்தைக்கு வரும் மீனில் பெரும்பகுதி காடிக்கு வெளியே கடலில் பிடித்தது. காடியில் பிடித்ததைத் தின்பவர்கள் அதைப் பிடிப்பவர்களும் அக்கம்பக்கத்து ஏழைகளும்தான். ஆகவே 'காடி மீனைத் தவிர்த்துவிடுங்கள்' என்ற அறிவுரை, தவிர்க்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும் அறிவுரை.

தூர்வாரலைப் பற்றி ஒரு வார்த்தை. மித்தியின் தூர் வாரியதில் 65 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2025 மே மாதம் வழக்குப் பதிவு செய்தது. பணம் போன கதையைப் பத்திரிகைகள் நிறைய எழுதின. சேறு எங்கே போனது என்பதும் அதே அளவு முக்கியம். பல ஆண்டுக் கழிவின் படிவு அதில்தான் இருக்கிறது. வாரும்போது கலங்கினால் அடங்கிக் கிடந்தது மறுபடி நீரில் எழும், கொட்டிய இடத்தில் மழை பெய்தால் மறுபடி ஓடி வரும். ஈகிள் துறைமுகத்தில் வேறு வழியைத் தேர்ந்தார்கள்: 1993-94-ல் கெட்ட சேற்றின் மேல் சுத்தமான மணலைப் பரப்பி மூடினார்கள். சில ஆண்டுகளில் அங்கே தட்டைமீன்களின் கல்லீரல் புண்கள் குறைந்தன. வெள்ளம் வடியவேண்டிய மித்தியில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் சேற்றைச் சோதிக்காமல் வாரிக் கொட்டுவதற்கு அது சமாதானமாகாது.

மாற்றம் வரப்போகிறது என்பதற்கு அறிகுறி இருக்கிறது. 2023 ஜனவரி 19 அன்று மும்பையில் ஏழு புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடியே 40 லட்சம் லிட்டர். அதில் தாராவி நிலையத்தின் பங்கு 41 கோடியே 80 லட்சம் லிட்டர். இவை ஓடத் தொடங்கினால் காடிக்குள் ஆக்சிஜன் திரும்பும். கழிவுநீர் தொட்டியில் போதுமான காலம் தங்கினால் இயற்கை ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். மாத்திரை ஹார்மோனும் மருந்து எச்சங்களும் அவ்வளவு எளிதில் போகமாட்டா. அதற்காகவே சுவிட்சர்லாந்து 2016 முதல், தேர்ந்தெடுத்த நிலையங்களில் ஓசோனோ கரித்தூளோ சேர்க்கும் கூடுதல் கட்டத்தைச் சட்டமாக்கியது. மும்பைக்கு இன்றைக்கே அது கட்டுப்படியாகுமா என்பது பிறகு பேசவேண்டிய விஷயம். முதலில் சாதாரணச் சுத்திகரிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று தெரியவேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி கடினமானதல்ல. வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மாட்டுங்காவிலேயே வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எந்த மீன் எந்த மாதம் சினைப்படும், எந்த வளைவில் கிடக்கும் என்று சொல்லக் கோலிவாடாவில் ஆட்கள் இருக்கிறார்கள். மாகிம் வாயிலும் தானே காடியிலும் கொஞ்சம் கெளுத்தி, கொஞ்சம் உளுவை; ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலை அண்டாத கொங்கணக் கழிமுகம் ஒன்றிலிருந்து அதே இனம், அதே பருவம். ஆண்மீனின் இரத்தத்தில் முட்டைப் புரதம், பெண்மீனில் எஸ்ட்ரடயால், இரண்டிலும் தைராக்சின், பிடித்த இடத்தின் அடிநீரில் ஆக்சிஜன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரில் எடுக்கும் அளவுகளோடு இவற்றையும் ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டால் போதும். வேலையைத் தொடங்கவேண்டிய நேரம், தாராவி நிலையத்தின் மதகு திறப்பதற்கு முந்தைய இனப்பெருக்கப் பருவம். திறந்த பிறகு எடுத்தால், மீன் தேறியதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு கையில் இருக்காது.